கிரீஸைத் திருத்தும் படலம்

நவம்பர் 9, ஞாயிறு

எழுதச் சொன்னது நாய் டாக்டர் வெண்ணிலா. "தினமும் நாய் என்ன பண்ணுது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுதுங்க. அப்பத்தான் எனக்குப் புரியும்" என்றார். ஊசி போட்டோமா, மாத்திரை கொடுத்தோமா என்றில்லாமல் இந்த வயசில் எனக்கு வீட்டுப்பாடம். கடுப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுதத்தான் போகிறேன்.

என் பெயர் தண்டபாணி. கணபதிப் பகுதியில் பவர் பிரஸ் பட்டறை. மோட்டாருக்குள் அடுக்குகிற இரும்புத் தகடுகளை அச்சில் வைத்து வெட்டித் தருகிற தொழில். காலையில் சுவிட்சைப் போட்டால் சாயங்காலம் வரை டமார் டமார்தான். நாயின் பெயர் கிரீஸ். குட்டியாக இருந்தபோது பட்டறைக்குள் புகுந்து கிரீஸ் டப்பாவில் விழுந்து எழுந்தது. கழுவிப் பார்த்தோம், அப்போதும் அதே கறுப்புதான்.

அது அடிக்கிற லொள்ளு கொஞ்சநஞ்சமல்ல. காலிங் பெல் அடித்தால் குரைத்துக்கொண்டே வந்து என் மேல் தாவுகிறது. செல்போன் அடித்தால் லுங்கியைக் கவ்வி இழுக்கிறது. குக்கர் வைத்தால் அடுப்படிக்கும் எனக்குமாக ஓடி ஓடிக் குரைக்கிறது. ஒரு அதட்டுப் போட்டால் போதும், கட்டிலுக்கடியில் போய் ஒண்ணுக்குப் போய்விடுகிறது. இத்தனை பயம் உள்ளது எதற்கு இத்தனை ஆட்டம் போட வேண்டும்?

என் மனைவி பூங்கொடி மூன்று வருஷமாகப் பொள்ளாச்சியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். கோர்ட்டு கேஸு என்றெல்லாம் போகவில்லை. "இந்த வீட்டுல இருந்தா எனக்குத் தலையே வெடிச்சுருமுங்க" என்றாள், மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தலை வெடிக்கிற மாதிரி இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மகள் மிதுனாவுக்குப் பன்னிரண்டு வயது. லீவு விட்டால் பூங்கொடி அவளை இங்கே அனுப்புவாள். காலாண்டு லீவில் வந்தபோது பெல் அடித்தது, கிரீஸ் என் மேல் பாய்ந்தது, நான் அதட்டினேன், அது மிரண்டு ஓடின வேகத்தில் குழந்தையைத் தள்ளிவிட்டது. கிரில் கேட்டில் மோதி உதட்டில் தையல். அன்றைக்கே பூங்கொடி வந்து கூட்டிப் போய்விட்டாள்.

"மொதல்ல அந்த நாயைத் திருத்துங்க. அப்புறம் பாப்பாவை அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டாள் பூங்கொடி. அரையாண்டு லீவு டிசம்பர் 24-ல் ஆரம்பம். அதற்குள் இந்தக் கறுப்பனைத் திருத்திக் காட்டாவிட்டால் என் பேர் தண்டபாணி இல்லை.

நவம்பர் 10, திங்கள்

பால்காரர் பெல் அடித்தார். குரைத்தது. தாவியது. அதட்டினேன். கட்டிலுக்கடியில் ஈரம். துடைத்தேன்.

நவம்பர் 12, புதன்

டாக்டரம்மாவிடம் போனேன். எழுதினதைப் படித்துவிட்டு ஒரு வினோதமான கேள்வி கேட்டார். "பெல் அடிச்சா கேட்டுக்கு ஓடுதா, உங்ககிட்ட ஓடி வருதா?"

"என்கிட்டத்தானுங்க. என் மேலதான் அதுக்குக் காட்டம்" என்றேன்.

"எல்லா நாயும் கேட்டுக்குத்தான் ஓடும்" என்று சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓடினால் என்ன, வந்தால் என்ன? பிறகு, "அண்ணா, அதுகிட்டப் பேசறப்ப மட்டும் சத்தம் போடாதீங்க. பயத்துலதான் அது ஈரம் பண்ணுது" என்றார்.

நான் எங்கே சத்தம் போட்டேன்? பேசினேன். பக்கத்தில் பூனையை மடியில் வைத்திருந்த அம்மாள் என்னவோ நான் அடிக்க வந்த மாதிரி நகர்ந்து உட்கார்ந்தார். இந்த ஊரில் மனிதன் வாயைத் திறந்து பேசினாலே குற்றம்.

பரிசாக வர்க்கி கொடுக்கிறேன் என்றதும் தலையிலடித்துக்கொண்டார். வேக வைத்த ஈரல்தான் கொடுக்க வேண்டுமாம். பேக்கரி வாசலில் நின்று பழகின நாய்க்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

இன்றைக்கு ஒரு வழி கிடைத்தது. பட்டறைக்குக் கிரீஸைக் கூட்டிப் போயிருந்தேன். ஓடுகிற பிரஸ்ஸுக்கு நடுவில் வாயால் பேசி ஒன்றும் ஆகாது. எங்களுக்குக் கைதான் பேச்சு. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து. விரலைத் தரைக்குக் காட்டினால் இறக்கு. கட்டைவிரலைப் பின்னால் காட்டினால் ஒதுங்கு. எங்கள் ஆபரேட்டர் ஆறுச்சாமி தகடு தூக்குகிறவனுக்கு விரலைத் தரைக்குக் காட்டினார். அவன் இறக்கினான். கூடவே இந்தக் கிரீஸும் பொத்தென்று உட்கார்ந்தது!

"பாருங்க மொதலாளி, நம்ம லைனுக்கு ஆள் தயாராயிருச்சு" என்று சைகையிலேயே சொல்லிச் சிரித்தார் ஆறுச்சாமி.

வீட்டுக்கு வந்து சோதித்தேன். வாயே திறக்கவில்லை. விரலைக் கீழே காட்டினேன், உட்கார்ந்தது. உள்ளங்கையைக் காட்டினேன், நின்றது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அடேய் திருட்டுப்பயலே, இத்தனை நாள் நான் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் உனக்கு வேறு பாஷையா?

நவம்பர் 16, ஞாயிறு

பெல் பயிற்சி ஆரம்பம். கூடத்து மூலையில் ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டேன். அதுதான் அதன் இடம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசல் கேட்டில் நின்று நானே பெல்லை அழுத்துவது. கட்டைவிரலால் சாக்கைக் காட்டுவது. போய் உட்கார்ந்தால் ஈரல். முதலில் குரைத்துக்கொண்டு என்னிடம் வந்தது. உள்ளங்கையைக் காட்டினேன். திகைத்துப் போய் நின்றது. திரும்பவும் அழுத்தினேன். மத்தியானம் வரை இதே வேலை. அடுத்த வீட்டு ருக்மணியக்கா மதில் மேல் தலையை நீட்டி, "ஏந் தண்டபாணி, உங்கூட்டுக்கு நீயே பெல் அடிச்சு வெளையாடறயா?" என்றார். அக்காவுக்குக் கிண்டல்.

சாயங்காலம் மிதுனாவிடம் போனில் பேசினேன். வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு. ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாலும் பிரயோஜனமில்லை. என்னிடம் சரியாகப் பேசுவதே இல்லை அந்தப் பிள்ளை. வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறது. "சத்தமாப் பேசு கண்ணு" என்றால் அதற்கப்புறம் பேச்சே இல்லை. அவள் அம்மா என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளோ.

நவம்பர் 19, புதன்

காலையில் பார்த்தால் இன்வெர்ட்டர் வைத்திருக்கிற அலமாரிக் கதவை முழுக்கப் பிராண்டி வைத்திருக்கிறது. பெயின்ட் போய்விட்டது. இது புதுப் பழக்கம். சைகையில் உட்கார வைத்து முறைத்தேன், தலையைத் தொங்கப் போட்டது.

ருக்மணியக்கா வந்து, "ராத்திரிபூரா உங்க இன்வெர்ட்டரு கீ கீன்னு கத்துது. அதை அமத்தினா என்ன? எனக்குத் தூக்கமே போச்சு" என்றார். பார்த்தால் பேட்டரியில் தண்ணி இல்லை. ஊற்றினேன். அக்காவுக்கு எலியின் மூச்சுக்கூடக் கேட்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

பெல்: பத்துக்கு எட்டு தடவை சாக்குக்குப் போகிறது.

போன்: லுங்கியைக் கவ்வினால் உள்ளங்கை. விட்டுவிடுகிறது. ஆனால் விட்டபின் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பார்க்கட்டும். பார்ப்பதில் தப்பில்லை.

நவம்பர் 27, வியாழன்

நல்ல மழை. இடி வேறு. கிரீஸ் கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் இழுத்து வெளியே போட்டு அதட்டுவேன். பயத்தை அதட்டிப் போக்கலாம் என்று நினைத்திருந்தேன். டாக்டரம்மா, "பக்கத்துல சும்மா இருங்க, அது போதும்" என்று சொல்லியிருந்தார். சரி என்று தரையில் துண்டை விரித்துப் படுத்து, கையை மட்டும் கட்டிலுக்கடியில் நீட்டினேன். முதலில் வரவில்லை. அப்புறம் மூக்கு வந்தது. அப்புறம் தலையைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தது. அதன் நடுக்கம் என் தோள் வரை ஏறியது.

பாவமாக இருந்தது. எத்தனை நாள் இப்படித் தனியாக நடுங்கியதோ. மழை விடும் வரை அப்படியே கிடந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். தெருவெல்லாம் வெடி. கட்டிலுக்கடியில் போனது, ஆனால் அதுவாகவே வெளியே வந்து என் காலோடு படுத்துக்கொண்டது. சபாஷ்டா! கெட்டிக்காரன்!

டிசம்பர் 7, ஞாயிறு

அரிசிம்பருப்புச் சாதம் கரிந்துவிட்டது. குக்கரின் அடி தார் போட்ட ரோடு மாதிரி இருக்கிறது. கேஸ்கட் போயிருக்க வேண்டும், விசிலே வரவில்லை. கிரீஸ் மட்டும் அடுப்படி வாசலில் உட்கார்ந்து என்னையும் குக்கரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை. முன்பு போட்ட ஆட்டத்துக்கு இது எவ்வளவோ மேல். கரிந்த சோறு போகட்டும், பயிற்சி ஜெயித்தது.

புது கேஸ்கட் வாங்கிவிட்டேன்.

டிசம்பர் 10, புதன்

புது கேஸ்கட்டுக்கும் விசில் வரவில்லை. இப்போதெல்லாம் எவன் ஒழுங்காகச் சாமான் செய்கிறான்?

டிசம்பர் 14, ஞாயிறு

கிரீஸுக்குப் பரீட்சை. ருக்மணியக்காவிடம், "அக்கா, இன்னிக்கு எப்ப வேணா வந்து பெல் அடிங்க. நான் இருக்கிற மாதிரியே இருக்கேன். நாய் என்ன பண்ணுதுன்னு பாக்கலாம்" என்று சொல்லியிருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா தன் வீட்டிலிருந்து பின்புறப் பொடக்காலி வழியாகச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்து என் எதிரில் நின்றார்.

"எத்தனை வாட்டி அடிக்கறது? கை வலிக்குது எனக்கு!"

திரும்பிப் பார்த்தேன். கிரீஸ் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது, கோயில் வாசல் நந்தி மாதிரி. ஒரு சத்தமில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஈரல் டப்பாவையே அதன் முன்னால் கவிழ்த்துவிட்டேன்.

"நாய் சரி. நீ ஏன் வந்து தெறக்கலை?" என்றார் அக்கா.

"பரீட்சை நாய்க்குத்தானுங்க்கா" என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்டப் போய்ட்டு வாயேன் தம்பி" என்றார்.

"இனி எதுக்குங்க்கா டாக்டரு? நாய்தான் திருந்திருச்சே" என்றேன். பெல்லின் பேட்டரி இறங்கியிருக்கும், நாளைக்கு மாற்ற வேண்டும்.

டிசம்பர் 18, வியாழன்

கிரீஸ் சாக்கில் உட்கார்ந்திருக்கிற வீடியோவைப் பூங்கொடிக்கு அனுப்பினேன். பதில் வந்தது. "பரவால்லீங்க. 24 காலைல பதினொரு மணிக்குக் கூட்டிட்டு வர்றேன். வருசம் பொறக்கற வரைக்கும் இருக்கட்டும்."

ஜெயித்துவிட்டேன்! ஆறுச்சாமியிடம் சொல்லிப் பட்டறையில் எல்லோருக்கும் டீயும் முட்டை பஃப்ஸும் வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு காரியத்தை இத்தனை பொறுமையாகச் செய்து முடித்ததில்லை. கிரீஸுக்குப் புதுக் கழுத்துப்பட்டை, சிவப்பு.

டிசம்பர் 24, புதன், காலை

வீடு கழுவியாயிற்று. மிதுனா அறைக்குப் புது விரிப்பு. கோழி வாங்கி வந்து, மசாலாவை நானே வறுத்து அரைத்தேன். கிரீஸைக் குளிப்பாட்டி ஷாம்பு போட்டதில் கறுப்பு இன்னும் எடுப்பாக இருக்கிறது. அது ரோட்டுக்கு ஓடிவிடக் கூடாது என்று கேட்டைப் பூட்டி, கூடத்துக் கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். பெல் அடித்ததும் திறந்தால் போதும்.

அதே நாள், சாயங்காலம்

வரவில்லை.

மூன்று மணி வரை பார்த்தேன். இவள் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுப்படியிலேயே இருந்தேன். குழம்பை இரண்டு தடவை சூடு பண்ணினேன். அப்புறம்தான் சார்ஜில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தேன். வரிசையாக மிஸ்டு கால். எல்லாம் பூங்கொடி. கூப்பிட்டேன்.

"ஏன் வரலை?" என்றேன்.

அவள் பேசினது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவ்வளவு சத்தமாகப் பேசினாள். "வரலையா? அரைமணி நேரம் கேட்டுக்கு முன்னாடி நின்னோமுங்க! உங்க டிவி சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. பாப்பா பெல்லை அமுத்தி அமுத்தி விரலே செவந்துபோச்சு. அடுப்படி ஜன்னல்ல நீங்க நிக்கறது தெரியுது. திரும்பிக்கூடப் பாக்கலை. அந்த நாய் சாக்கு மேல உக்காந்துட்டு எங்களையே பாத்துட்டிருக்குது. ருக்மணியக்கா வீடும் பூட்டியிருந்துச்சு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலைக்கலாமல்லங்க. எதுக்கு அந்தக் குழந்தைய வர வெச்சு அழுக வெக்கறீங்க?"

வைத்துவிட்டாள். அந்தக் கெரகம் புடிச்ச பெல்! போன வாரம்தான் புது பேட்டரி போட்டேன். பேட்டரி விற்றவனைக் கடையோடு தூக்கி வீச வேண்டும் போலிருந்தது. குழம்பை அப்படியே மூடி வைத்துவிட்டேன். சாப்பிடத் தோன்றவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

பெல் நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று மருதமலைக்குப் போயிருந்த ருக்மணியக்கா காலையில் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, நீங்க வாசல்ல நின்னு அமுத்துங்க. நான் உள்ள நின்னு எதுல கோளாறுன்னு பாக்கறேன்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் நின்றேன். பெட்டி சுவரில் இருக்கிறது. சத்தமில்லை. பேட்டரிதான் என்று கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது கிரீஸின் காது இரண்டும் நிமிர்ந்தன. எழுந்தது. நிதானமாகச் சாக்குக்குப் போய் உட்கார்ந்தது. என்னைப் பார்த்தது.

நான் சைகை காட்டவில்லை. ஒன்றுமே செய்யவில்லை.

அக்கா திரும்பவும் அழுத்தியிருக்க வேண்டும். காது நிமிர்ந்தது. திரும்பவும். நான் போய்ப் பெல் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கைக்குள் அது கிர்ரென்று அதிர்ந்தது. நின்றது. அதிர்ந்தது.

ஈயக் கட்டி மாதிரி அங்கேயே நின்றுவிட்டேன். அக்கா பொடக்காலி வழியாக வந்து, "என்னப்பா, கோளாறு தெரிஞ்சுதா?" என்றார். "தெரிஞ்சுதுங்க்கா" என்றேன்.

அடுப்பில் வெறும் தண்ணியோடு குக்கரை வைத்துக் கைக்கடியில் கிரீஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விசில் குண்டு ஆடியது, ஆவி அடித்தது, கிரீஸ் என் முகத்தைப் பார்த்தது. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. கேஸ்கட் பாவம், அது என்ன செய்யும்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பெல் அடித்தால் என்னிடம் வந்தது. போன் அடித்தால் என்னிடம் வந்தது. குக்கருக்கும் என்னிடம்தான் வந்தது. இன்வெர்ட்டர் கத்தினபோது அலமாரியைப் பிராண்டிக் காட்டியது. "உனக்குக் கேக்கலைடா, எந்திரிடா" என்று சொல்ல வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் அதட்டினேன். அதட்டுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒண்ணுக்குப் போய்விட்டு, அடுத்த தடவையும் சொல்ல வந்தது. ஈரல் கொடுத்து, சைகை காட்டி, ஒன்றரை மாசம் பாடுபட்டு, அதை நான் நிறுத்திவிட்டேன். நேற்று என் மகள் வெளியே நிற்பது அதற்குத் தெரியும். நான் சொல்லிக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். யாரும் பார்க்கவில்லை, எழுதினால் என்ன.

டிசம்பர் 26, வெள்ளி

காது டாக்டர். உள்ளே போய், "வணக்கமுங்க, தண்டபாணிங்க" என்றேன். "எந்தப் பட்டறை?" என்றார். என் குரலிலேயே தெரிந்துவிட்டதாம்.

கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். "கீழ் சத்தம் நல்லாக் கேக்குது உங்களுக்கு. இடி, லாரி, டமார்னு விழறது எல்லாம் கேக்கும். அதனாலதான் காது நல்லா இருக்குன்னே நெனச்சிருப்பீங்க. மேல் சத்தம் போயிருச்சு. பெல்லு, விசிலு, குருவி, பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல்."

"குழந்தைங்க குரலா?"

"அதுதாங்க மொதல்ல போகும்" என்றார்.

இருபத்தாறு வருஷமாகக் காதில் ஒரு பஞ்சு வைத்ததில்லை. ஆறுச்சாமியும் வைத்ததில்லை. திங்கட்கிழமை காது மிஷின் மாட்டி விடுகிறார்களாம். அதற்கு முன் பட்டறையில் எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கிப் போட்டுவிட்டேன். "வேர்க்குதுங்க மொதலாளி" என்றார் ஆறுச்சாமி. உள்ளங்கையைக் காட்டினேன். மாட்டிக்கொண்டார்.

டிசம்பர் 27, சனி

பொள்ளாச்சி போனேன். போனில் சொல்லிப் புரிய வைக்க முடியாது, புரிய வைத்தாலும் அவள் நம்ப மாட்டாள். காது டாக்டர் கொடுத்த சீட்டைப் பூங்கொடியிடம் நீட்டினேன். படித்தாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை வருசமாச் சொன்னேன், கத்தாதீங்க கத்தாதீங்கன்னு. நீங்க 'நான் எங்க கத்தறேன்'னே கத்துனீங்க" என்றாள்.

"எனக்கு அது கத்தற மாதிரி தெரியலை புள்ள."

"கோவம்னு நெனச்சேன்."

"கோவமும் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்." இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பார்த்தால்தான் அவள் பேசுவது எனக்குப் பிடிபடுகிறது. பார்த்தேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

மிதுனா கதவோரம் நின்றிருந்தாள். உதட்டில் தையல் போட்ட தழும்பு சின்னதாகத் தெரிந்தது. "கூப்புட்டா நீ பதிலே சொல்ல மாட்டியே அம்மிணி, அப்பாமேல கோவம்னு நெனச்சேன்" என்றேன். அவள் என் எதிரில் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "நான், சொல்லீட்டுத்தான், இருந்தேன். ஒவ்வொரு வாட்டியும், சொன்னேன். நீங்க திரும்பவும் கத்திக் கூப்புடுவீங்க. பயமா இருக்கும். அப்புறம் சொல்லவே மாட்டேன்."

கிரீஸும் இதைத்தான் செய்தது என்று மட்டும் நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

"நாய் மேல பயம் போயிருச்சா கண்ணு?" என்றேன்.

"எனக்கு நாய் மேல எப்பங்கப்பா பயம் இருந்துச்சு?" என்றாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

மிதுனாவைக் கூட்டி வந்துவிட்டேன். முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் வந்து கூட்டிப் போவதாகப் பூங்கொடி சொல்லியிருக்கிறாள். கிரீஸ் மிதுனாவைப் பார்த்ததும் வாலோடு சேர்த்துப் பாதி உடம்பையும் ஆட்டியது. ஆனால் தாவவில்லை. விரலைத் தரைக்குக் காட்டச் சொன்னேன். காட்டினாள், உட்கார்ந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

தாவாமல் இருப்பது நல்ல பழக்கம், அது இருக்கட்டும். குரைப்பதைத்தான் திரும்பப் பழக்க வேண்டும். கோணிச்சாக்கை எடுத்துத் துவைக்கப் போட்டேன்.

டிசம்பர் 29, திங்கள்

மிஷின் மாட்டியாயிற்று. மிதுனாதான் கூட வந்தாள். வெளியே வந்து, "வா கண்ணு, போலாம்" என்றேன். யாரோ ஒருத்தன் என் காதுக்குள் நின்று அலறினான். அவன் நான்தான். இந்தக் குரலோடா இத்தனை வருஷம் இவர்கள் குடித்தனம் நடத்தினார்கள்? அப்படியே வாயை மூடிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வீட்டில் ஒரே இரைச்சல். ஃபேன் கீச்சென்கிறது. குழாய் சொட்டுகிறது. கிரீஸ் நடந்தால் நகம் டக்டக்கென்று தரையில் தட்டுகிறது. அது தூக்கத்தில் முனகும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

டிசம்பர் 30, செவ்வாய்

பயிற்சி. மிதுனா வெளியே நின்று பெல் அடிப்பாள். கிரீஸ் சாக்கைத் தேடும், சாக்கு இல்லாமல் முழிக்கும், என்னைப் பார்க்கும். நான் கூப்பிடுவேன். மெதுவாக. வந்து என் முட்டியை மூக்கால் இடித்தால் ஈரல். குரைத்தால் இரண்டு. முதலில் நம்பவே இல்லை அது. நாங்கள் ஏதோ ஏமாற்றுகிறோம் என்று நினைத்தது. மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை, தயங்கித் தயங்கி, "லொள்" என்றது. உடனே கட்டிலைப் பார்த்தது, ஓடலாமா என்று. நான் தரையில் உட்கார்ந்து கையை விரித்தேன். வந்துவிட்டது.

மிஷின் இருக்கும்போது இது எதற்கு என்று மிதுனா கேட்டாள். குளிக்கும்போது, தூங்கும்போது மிஷின் இருக்காது கண்ணு, கிரீஸ் இருக்கும் என்றேன்.

டிசம்பர் 31, புதன்

மத்தியானம் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பொடக்காலியில் மிதுனா கிரீஸை உட்கார வைத்து உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சுவரும் அரைகுறையாகச் சாத்தின கதவும். பேச்சுக் குரல் கேட்டது. யாரிடம் பேசுகிறாள் என்று காது கொடுத்தேன். கிரீஸிடம்தான்.

"இன்னிக்கு அம்மா வந்துருவாங்க. ஸ்கூல் தொறக்க இன்னும் நாள் இருக்குது. அதுவரைக்கும் இங்கயே இருக்கலாம்னு இருக்குது எனக்கு. அப்பாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை. அசையாம இருடா நீ."

வாய்க்குள் முணுமுணுத்த பேச்சு. ஒரு எழுத்து விடாமல் கேட்டது. வெங்காயத்தைக் கீழே வைத்தேன். சுவர் பக்கம் திரும்பி, சாதாரணமாகப் பேசுகிற மாதிரி, "இரு கண்ணு. அம்மாகிட்ட நான் பேசறேன்" என்றேன்.

வெளியே ஓடி வருகிற காலடி. கையெல்லாம் நாய் முடியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"கேட்டுச்சுங்களாப்பா?"

"கேட்டுச்சு."

சந்தேகமாக, "வேற என்னெல்லாம் கேட்டுச்சு?" என்றாள். நாயிடம் நம்பிச் சொன்னது இன்னும் நிறைய இருக்கும் போலிருக்கிறது.

"இதுதான் கண்ணு மொதல்" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள். ஸ்கூலில் நடந்த ஒரு கதையை ஆரம்பித்தாள், அது முடியவே இல்லை.